தானியங்கி மின்னஞ்சல் உரியவரைச் சென்றடைவது எவ்வாறு?

தக்காணப் பீடபூமியின்மீது, கடற்கரையினின்று வெகு தொலைவில் அமைந்துள்ளது ஐதராபாத் நகரம். எனினும் இந்து மகாசமுத்திரத்தின் நிலையை இரவும் பகலும் கவனித்துவரும் நிலையம் ஒன்று இந்நகரிலேதான் இயங்குகிறது. 1999ஆம் ஆண்டில் நிறுவப்பட்டு, இன்று மத்திய அரசின் புவி விஞ்ஞான அமைச்சகத்தைச் சார்ந்து பணிபுரியும் இந்திய தேசியக் கடல்சார் தகவல் சேவை மையமே அது. 'இன்காய்ஸ்' என்ற சுருக்கப் பெயரால் அது வழங்கப்படுகிறது. மீன்கள் திரளக்கூடிய கடற்பகுதிகள் எவை, அலைகளின் உயரம் எவ்வளவு, எந்தப் பகுதியில் கடல் கொந்தளிக்கும் என்பன போன்ற செய்திகளை இம்மையம் மீனவர்களுக்கும் துறைமுகங்களுக்கும் அறிவித்துவருகிறது. இந்தியச் சுனாமி முன்னெச்சரிக்கை மையமும் 2007ஆம் ஆண்டு அக்டோபர் முதல் இங்கேயே செயற்பட்டு வருகிறது.

இம்மையம் தோன்றிய காரணத்தைத் தமிழ் மக்களுக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள், இந்திய நேரப்படி காலை 6-29 மணி அளவில் சுமாத்திராத் தீவின் அருகே கடலடியில் மாபெரும் நில அதிர்ச்சி நிகழ்ந்தது. அதனால் எழுந்த அலைகள் தமிழகக் கரையை அடைய இரண்டு மணி நேரத்திற்கு மேலாயிற்று. அந்த இடைவேளையில் கரையோர மக்களுக்குச் செய்தி எதுவும் எட்டவில்லை. தமிழ்நாட்டில் ஏறக்குறைய 8,000 பேர் மாண்டனர்; அவர்களுள் 6,000 பேர் வரை நாகப்பட்டினம் மாவட்டத்தைச் சேர்ந்தவர்கள். நில அதிர்ச்சியைப் பதிவு செய்யும் கருவிகள் அன்றும் உலகில் இருந்தன. அவை அறிந்ததை உரிய நேரத்தில் உரியவருக்குக் கொண்டு சேர்க்கும் ஏற்பாடுதான் இந்து மகாசமுத்திர நாடுகளில் இல்லை.

இன்று அந்த ஏற்பாடு உள்ளது. நில அதிர்ச்சி மானிகளும், கடலடி அழுத்த மானிகளும், கரையோர நீர்மட்ட மானிகளும் அனுப்பும் அளவுகளைக் கணிப்பொறிகள் இடைவிடாது ஆராய்கின்றன. எச்சரிக்கை அறிக்கைகள் மின்னஞ்சல், பேக்ஸ், குறுஞ்செய்தி, வானிலைத் துறைகள் பயன்படுத்தும் உலகத் தொலைத்தொடர்பு அமைப்பு, இணையதளம் எனப் பல வழிகளில் அனுப்பப்படுகின்றன. இவ்வழிகளுள் மின்னஞ்சல் மலிவானது; நீண்ட அறிக்கையையும் வரைபடத்தையும் ஒருங்கே சுமந்து செல்ல வல்லது. ஆயினும் அதற்கே உரிய ஓர் இடையூறும் உண்டு. இயந்திரம் தானாக எழுதி அனுப்பும் அஞ்சலை, மறுமுனையிலுள்ள இயந்திரம் வீண் அஞ்சல் என்று கருதி ஒதுக்கிவிடக்கூடும். ஒதுக்கப்படும் அஞ்சல் சென்று சேரும் இடமே 'ஸ்பேம்' பகுதி. இவ்வாறு நேர்வதன் காரணங்களும், அதனைத் தடுக்கும் முறைகளும் இக்கட்டுரையில் விளக்கப்படுகின்றன. சுனாமி எச்சரிக்கைக்கு மட்டுமன்றி, தேர்வு முடிவு, மருத்துவமனை முன்பதிவு, மின்கட்டண ரசீது, கடவுச்சொல் மாற்றம் ஆகியவற்றை அறிவிக்கும் எந்த இணையதளத்திற்கும் இவை பொருந்தும்.

வீண் அஞ்சலின் தோற்றம்

1978ஆம் ஆண்டு மே மாதத்தில், அமெரிக்காவின் 'அர்ப்பாநெட்' என்னும் ஆராய்ச்சி வலையமைப்பில், கணிப்பொறி விற்கும் நிறுவனம் ஒன்றின் ஊழியர் ஏறக்குறைய 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பினார். கேளாமல் வந்த மொத்த விளம்பர அஞ்சல்களில் இதுவே முதலாவது எனக் கூறுவர். 1982ஆம் ஆண்டில் ஜான் போஸ்டல் என்பவர் தொகுத்த எஸ்.எம்.டி.பி. என்னும் அஞ்சல் விதிமுறை வெளியாயிற்று. இன்றளவும் மின்னஞ்சல் அவ்விதிமுறையின் அடிப்படையிலேயே செல்கிறது. ஒருவரையொருவர் நன்கறிந்த ஆராய்ச்சியாளர்களுக்காக வகுக்கப்பட்டது அது. ஆகவே, அனுப்புபவர் தம் பெயராக எதை எழுதினாலும் அதை அப்படியே ஏற்றுக்கொள்வது அதன் இயல்பாக அமைந்தது.

இதனைக் காகிதக் கடிதத்தோடு ஒப்பிடலாம். உறையின்மீது ஒரு முகவரி உண்டு. உள்ளே கடிதத்தின் தலைப்பிலும் அனுப்புபவர் பெயர் உண்டு. இவ்விரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் தபாலில் இல்லை. மின்னஞ்சலிலும் அவ்வாறே 'உறை முகவரி' ஒன்றும், படிப்பவர் கண்ணுக்குத் தெரியும் 'தலைப்பு முகவரி' ஒன்றும் தனித்தனியே உள்ளன. பழைய விதிமுறை இவ்விரண்டில் எதனையும் சோதிப்பதில்லை. மோசடிக்காரர்கள் இந்த இடைவெளியைப் பயன்படுத்திக்கொண்டனர். அதன் விளைவாக, அஞ்சலைப் பெறும் கணிப்பொறிகள் வருவோர் அனைவரையும் ஐயுற்று நோக்கும் நிலை ஏற்பட்டது.

சல்லடை இயங்கும் விதம்

அஞ்சலைப் பெறும் சேவைக் கணிப்பொறி 'சர்வர்' எனப்படும். அதிலுள்ள சல்லடை மூன்று வகைச் சான்றுகளைப் பார்க்கிறது: அனுப்பியவர் யார் என்பது, அவருடைய முந்தைய நடத்தை எத்தகையது என்பது, அஞ்சலில் என்ன எழுதப்பட்டுள்ளது என்பது.

எழுத்தை ஆராய்வதற்கு நிகழ்தகவுக் கணக்கு உதவுகிறது. தாமஸ் பேயஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியாரின் கட்டுரை ஒன்று, அவர் மறைந்தபின் 1763ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அதிலிருந்து வளர்ந்த தேற்றமே இச்சல்லடைகள் பலவற்றுக்கு அடிப்படை. ஒரு சொல் வீண் அஞ்சல்களில் எவ்வளவு அடிக்கடி வருகிறது, நல்ல அஞ்சல்களில் எவ்வளவு அடிக்கடி வருகிறது என்பதைக் கணக்கிட்டு, பல சொற்களின் மதிப்பையும் ஒன்றுசேர்த்து, அஞ்சல் வீணானதாக இருக்கும் வாய்ப்பு இவ்வளவு என்று இயந்திரம் முடிவு செய்கிறது.

இங்கே ஒரு சங்கடம் எழுகிறது. 'அவசரம்', 'உடனே செயற்படுக', 'உயிருக்கு ஆபத்து' போன்ற சொற்கள் உண்மையான எச்சரிக்கையிலும் வரும். பயமுறுத்திப் பணம் பறிக்கும் அஞ்சலிலும் வரும். செய்தியின் முக்கியத்துவம் சல்லடைக்குத் தெரியாது. வங்கியின் அறிவிப்பும் வங்கியின் பெயரால் வரும் மோசடியும் அதற்கு ஏறத்தாழ ஒரே தோற்றமுடையவை. ஆகவே, சொற்களை மாற்றி எழுதுவதால் மட்டும் பயன் விளையாது. அனுப்புபவர் தம் அடையாளத்தை மெய்ப்பிக்க வேண்டும். அதற்கு மூன்று முறைகள் இக்காலத்தில் வழக்கிலுள்ளன.

அடையாளத்தை மெய்ப்பிக்கும் மூன்று முறைகள்

முதலாவது எஸ்.பி.எப். எனப்படுவது. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் இணையத்தில் 'டொமைன்' என்னும் களப்பெயர் உண்டு. அக்களப்பெயருக்குரிய விவரங்கள் டி.என்.எஸ். என்னும் பொதுப் பதிவேட்டில் இடம்பெறுகின்றன. 'எம் பெயரால் அஞ்சல் அனுப்ப உரிமை பெற்ற கணிப்பொறிகள் இவை' என்ற பட்டியலை நிறுவனம் அப்பதிவேட்டில் வெளியிடுகிறது. அஞ்சலைப் பெறும் சர்வர், அனுப்பிய கணிப்பொறியின் ஐ.பி. எண் அப்பட்டியலில் உள்ளதா என்று ஒப்பிட்டுப் பார்க்கிறது. 2006ஆம் ஆண்டில் வெளியான இம்முறை 2014இல் திருத்தி அமைக்கப்பட்டது. ஒரு களப்பெயருக்கு இத்தகைய பட்டியல் ஒன்றே இருத்தல் வேண்டும். இரண்டு இருப்பின் இரண்டுமே செல்லாதனவாகும். பட்டியலைப் படித்து முடிப்பதற்குப் பதிவேட்டைப் 10 முறைக்கு மேல் வினவ நேர்ந்தாலும் சோதனை தவறிவிடும். மேலும், இச்சோதனை உறை முகவரியையே பார்க்கிறது. இடையில் ஒருவர் அஞ்சலை வேறொரு முகவரிக்குத் திருப்பிவிட்டால், புதிய கணிப்பொறியின் எண் பட்டியலில் இராது, சோதனை தோல்வியுறும்.

இரண்டாவது டி.கே.ஐ.எம். எனப்படும் மின் முத்திரை. 2007ஆம் ஆண்டு முதல் இது வழக்கிலுள்ளது. அனுப்பும் சர்வரிடம் மறைவுச் சாவி ஒன்று உள்ளது. அதற்கு இணையான பொதுச் சாவி டி.என்.எஸ். பதிவேட்டில் வெளியிடப்படுகிறது. அஞ்சலின் உள்ளடக்கத்திலிருந்தும் முக்கியத் தலைப்புகளிலிருந்தும் ஒரு சுருக்க எண் கணிக்கப்பட்டு, மறைவுச் சாவியால் முத்திரையிடப்படுகிறது. பெறுபவர் பொதுச் சாவியைக் கொண்டு முத்திரையைச் சோதிக்கிறார். வழியில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் முத்திரை பொருந்தாது. மாற்றமின்றி வேறு முகவரிக்குத் திருப்பப்பட்ட அஞ்சலிலோ முத்திரை அப்படியே நிலைத்திருக்கும். ஆகவே, முதல் முறையின் குறையை இது நிறைவு செய்கிறது.

மூன்றாவது 'டிமார்க்' எனப்படுவது; 2015ஆம் ஆண்டில் வெளியானது. மேற்கூறிய இரண்டு சோதனைகளில் ஒன்றேனும் வெற்றி பெறுவதோடு, அச்சோதனை மெய்ப்பித்த களப்பெயர், படிப்பவர் கண்ணுக்குத் தெரியும் தலைப்பு முகவரியின் களப்பெயரோடு பொருந்தவும் வேண்டும் என்று அது விதிக்கிறது. பொருந்தாத அஞ்சலை என்ன செய்வது என்பதையும் நிறுவனமே அறிவிக்கலாம். 'ஒன்றும் செய்ய வேண்டா', 'ஸ்பேமில் ஒதுக்குக', 'திருப்பி அனுப்புக' என மூன்று கட்டளைகள் உண்டு. தம் பெயரால் உலகெங்கும் சென்ற அஞ்சல்களைப் பற்றிய தினசரி அறிக்கையும் பெரிய அஞ்சல் நிறுவனங்களிடமிருந்து கிடைக்கும். முதற்கண் முதல் கட்டளையை வெளியிட்டு, சில வாரங்கள் அறிக்கைகளைப் படித்து, விடுபட்ட கணிப்பொறிகளைப் பட்டியலில் சேர்த்தபின் கடுமையான கட்டளைக்குச் செல்வதே அறிவுடைமை. இவ்வொழுங்கைப் பின்பற்றாது முதல் நாளிலேயே 'திருப்பி அனுப்புக' என்று அறிவித்தால், நிறுவனம் தன் சொந்த அஞ்சலையே தடுத்துக்கொள்ள நேரிடும்.

இம்முறைகள் அஞ்சல் சேர்வதற்கு மட்டும் உதவுவன அல்ல. எச்சரிக்கை மையத்தின் பெயரால் ஒரு பொய்ச் செய்தி பரவினால், கரையோர மக்கள் வீணே அலைக்கழிக்கப்படுவர். அடுத்து வரும் மெய்ச் செய்தியையும் நம்ப மறுப்பர். பொய்யைத் தடுப்பதும் மெய்யைச் சேர்ப்பதும் ஒரே ஏற்பாட்டினால் நிறைவேறுகின்றன.

2024ஆம் ஆண்டு பிப்ரவரி முதல், தன் வாடிக்கையாளர்களுக்கு ஒரு நாளில் 5,000 அஞ்சல்களுக்கு மேல் அனுப்புவோர் இம்மூன்று முறைகளையும் கைக்கொள்ள வேண்டும் என்று ஜிமெயில் விதித்துள்ளது. யாகூவும் இதுபோன்ற விதிகளை அப்போதே கொணர்ந்தது.

இணையதளங்களில் காணும் பொதுவான குறைகள்

சிறிய அலுவலகம் ஒன்றின் இணையதளம் பெரும்பாலும் வாடகைக் கணிப்பொறி ஒன்றில் இயங்கும். நூற்றுக்கணக்கான பிற தளங்களும் அதே கணிப்பொறியில் இருக்கும். பதிவு செய்தவர்க்கு அஞ்சல் அனுப்ப வேண்டியபோது, தளத்தின் நிரல் அதை அக்கணிப்பொறியின் சாதாரண அஞ்சல் கருவியிடமே ஒப்படைத்துவிடுகிறது. அக்கணிப்பொறி அலுவலகத்தின் எஸ்.பி.எப். பட்டியலில் இராது, மின் முத்திரை இடும் வசதியும் அதனிடம் இல்லை. உறை முகவரியும் வாடகை நிறுவனத்தினுடையதாக இருக்கும். அண்டைத் தளம் ஒன்று வீண் அஞ்சல்களை அனுப்பியிருந்தால், பொதுவான ஐ.பி. எண்ணின் நற்பெயரும் கெட்டிருக்கும். அஞ்சல் ஸ்பேம் பகுதிக்குச் செல்வதற்கு இவையே போதுமானவை.

இதற்குப் பரிகாரம் எளிது. இணையதளத்தின் நிரல், நிறுவனத்தின் முறையான அஞ்சல் சர்வரில் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் தந்து நுழைந்து, அதன் வழியாகவே அஞ்சலை அனுப்ப வேண்டும். அந்த சர்வரின் ஐ.பி. எண்ணைக் கொண்டு தேடினால் அதன் பெயர் கிடைக்குமாறு பதிவேட்டில் எதிர்ப்பதிவும் செய்திருத்தல் வேண்டும்.

மற்றொரு குறை, விசாரணைப் படிவங்களில் காணப்படுவது. பொதுமக்களுள் ஒருவர் தளத்தின் படிவத்தை நிரப்பி ஐயம் கேட்கிறார். நிரல் அவருடைய முகவரியையே அனுப்புபவர் முகவரியாக இட்டு அலுவலகத்துக்கு அனுப்புகிறது. அவருடைய அஞ்சல் நிறுவனம் இந்தத் தளத்துக்கு அவ்வுரிமையை வழங்கவில்லையாதலால், டிமார்க் சோதனையில் அஞ்சல் தோல்வியுறுகிறது. அனுப்புபவராகத் தளத்தின் சொந்த முகவரியையும், 'பதில் அனுப்ப வேண்டிய முகவரி' என்ற இடத்தில் மட்டும் மனுதாரரின் முகவரியையும் இடுவதே சரியான முறை.

தமிழில் அஞ்சல் அனுப்புவோர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அஞ்சலின் தலைப்பு வரி தொன்றுதொட்டு ஆங்கில எழுத்துக்களை மட்டுமே தாங்கிச் செல்லும்படி அமைந்தது. தமிழ் எழுத்துக்களை யூனிக்கோடு முறையில் அமைத்து, 'மைம்' விதிமுறைப்படி குறியீடாக மாற்றியே அதில் இட வேண்டும். அவ்வாறு மாற்றாமல் இட்டால், தலைப்பு உருக்குலைந்து தோன்றுவதுடன், விதி தவறிய அஞ்சல் என்ற ஐயத்துக்கும் இடமளிக்கும். செய்தி முழுவதையும் ஒரு படமாக மட்டும் அனுப்புவதும், சுருக்கப்பட்ட இணைப்பு முகவரிகளைச் சேர்ப்பதும் தவிர்க்கத்தக்கவை.

நற்பெயரைக் காத்தல்

அடையாளம் மெய்ப்பிக்கப்பட்டபின் நடத்தை கவனிக்கப்படுகிறது. பெறுபவர்கள் 'இது ஸ்பேம்' என்று புகார் செய்யும் விகிதம் 0.1 சதவீதத்துக்குக் கீழ் இருத்தல் நன்று என்றும், 0.3 சதவீதத்தை எட்டலாகாது என்றும் ஜிமெயில் வரையறுத்துள்ளது. அதாவது 1,000 அஞ்சலுக்கு 3 புகார் என்பதே அதிகமாகும். ஆகையால், கேட்டவர்க்கு மட்டுமே அனுப்புதல், வழக்கொழிந்த முகவரிகளை உடனுக்குடன் நீக்குதல், விளம்பர அஞ்சல் வேண்டாதோர் ஒரே அழுத்தலில் விலகிக்கொள்ள வகை செய்தல் ஆகியன அவசியம். எச்சரிக்கை அஞ்சலையும் மாதாந்தரச் செய்தி மடலையும் ஒரே முகவரியிலிருந்து அனுப்பலாகாது. மடலின்மீது எழும் புகார் எச்சரிக்கையின் பெயரையும் கெடுக்கும். இரண்டுக்கும் தனித்தனி உட்களப்பெயர்களை அமைப்பதே நன்று.

காலதாமதம் என்னும் இடையூறு

ஸ்பேம் பகுதிக்குச் செல்லாவிடினும் அஞ்சல் தாமதிக்கக்கூடும். சில சர்வர்கள், முன்பின் அறியாத அனுப்புநரிடமிருந்து வரும் முதல் அஞ்சலை ஏற்காமல், 'சற்றுப் பொறுத்து மீண்டும் வருக' என்று விடை தருகின்றன. முறையான சர்வர் மீண்டும் முயலும். வீண் அஞ்சல் அனுப்பும் நிரல் பெரும்பாலும் முயலாது. 2003ஆம் ஆண்டில் முன்மொழியப்பட்ட இத்தந்திரம் பயனுள்ளதே. ஆனால் மறுமுயற்சிக்குச் சில நிமிடங்கள் முதல் அரை மணி வரையும் ஆகலாம். மறுமுயற்சி செய்யத் தெரியாத இணையதள நிரலாயின் அஞ்சல் அறவே இழக்கப்படும்.

ரசீது ஒன்று அரை மணி தாமதித்தால் கேடில்லை. சுனாமி அறிக்கைக்கு அது பொருந்தாது. நில அதிர்ச்சி நிகழ்ந்த இடத்துக்கு அருகிலுள்ள அந்தமான் நிக்கோபார்த் தீவுகள் போன்ற பகுதிகளை அலை ஒரு மணி நேரத்துக்குள் அடையக்கூடும். அத்தகைய பகுதிகளுக்கு, கடல்மட்ட அளவுகளுக்குக் காத்திராமல், நில அதிர்ச்சியின் விவரத்தைக் கொண்டே ஐதராபாத் மையம் எச்சரிக்கை விடுக்கிறது. முதல் அறிக்கையைப் பத்து நிமிடங்களுக்குள் வெளியிடுவது அதன் குறிக்கோள். இவ்வளவு விரைந்து ஆயத்தமாகும் அறிக்கை, வாயிலில் அரை மணி காத்து நிற்க நேர்ந்தால் உழைப்பு வீணாகும். எனவே, பெறும் அலுவலகத்தின் சர்வர் நிர்வாகி, எச்சரிக்கை மையத்தின் கணிப்பொறிகளை முன்கூட்டியே அனுமதிப் பட்டியலில் சேர்த்து வைத்தல் வேண்டும். தலைப்பில் காணும் பெயரை மட்டும் நம்பி அனுமதித்தால், அப்பெயரைப் பூண்டு வரும் போலிக்கும் கதவு திறந்ததாகும். மின் முத்திரை பொருந்தினால் மட்டுமே அனுமதிக்குமாறு அமைத்தல் வேண்டும்.

சோதனையே உறுதி

அஞ்சல் அனுப்பும் சர்வரின் பதிவேட்டில் 'ஏற்றுக்கொள்ளப்பட்டது' என்று காணப்பட்டால், வேலை முடிந்துவிட்டதாகப் பலர் எண்ணுகின்றனர். அக்குறிப்பின் பொருள், மறுமுனை சர்வர் அஞ்சலை வாங்கிக்கொண்டது என்பதே. வாங்கியபின் அதை அலுவலர் பார்க்கும் பகுதியில் வைத்ததா, ஸ்பேம் பகுதியில் வைத்ததா என்பதை அனுப்பியவருக்கு அது தெரிவிப்பதில்லை. இவ்வுண்மையை அறியக்கூடியவர் மறுமுனையில் அமர்ந்திருக்கும் மனிதர் ஒருவரே.

இக்காரணத்தாலேயே சுனாமி எச்சரிக்கைத் துறையில் தொடர்புச் சோதனைகள் வழக்கமாக நடைபெறுகின்றன. 2011ஆம் ஆண்டு அக்டோபர் முதல் இந்தியா, ஆஸ்திரேலியா, இந்தோனீசியா ஆகிய மூன்று நாடுகளின் மையங்கள் இந்து மகாசமுத்திர நாடுகளுக்குச் சுனாமி அறிக்கைகளை அனுப்பிவருகின்றன. ஆண்டுக்கு இருமுறை சோதனைச் செய்திகள் பல வழிகளிலும் அனுப்பப்பட்டு, அவை எப்பொழுது கிடைத்தன என்று ஒவ்வொரு நாட்டிடமிருந்தும் விவரம் பெறப்படுகிறது. இவையன்றி, 2009ஆம் ஆண்டு அக்டோபரில் தொடங்கி, 'ஐஓவேவ்' என்ற பெயரில் பெரிய அளவிலான ஒத்திகைகளும் நடத்தப்பட்டு வருகின்றன.

சிறிய அலுவலகங்களும் இம்முறையைப் பின்பற்றலாம். பல்வேறு அஞ்சல் நிறுவனங்களில் சோதனைக் கணக்குகள் சிலவற்றைத் தொடங்கி, மாதந்தோறும் தளத்திலிருந்து ஓர் அஞ்சலை அவற்றுக்கு அனுப்பி, அது எந்தப் பகுதியில் விழுகிறது, எத்தனை நிமிடத்தில் வருகிறது என்று குறித்துவைத்தால் போதும். ஒவ்வொரு அஞ்சலின் மறைவான தலைப்புகளிலும் மூன்று சோதனைகளின் முடிவும் எழுதப்பட்டிருக்கும்; அதனைத் திறந்து பார்ப்பது கடினமன்று. தளம் வேறு கணிப்பொறிக்கு மாற்றப்பட்டாலும், முத்திரைச் சாவி புதுப்பிக்கப்பட்டாலும், உடனே சோதனையை மீண்டும் நடத்துதல் வேண்டும். நேற்றுவரை ஒழுங்காகச் சென்ற அஞ்சல் இன்று ஒதுக்கப்படுவதற்கு இத்தகைய மாறுதல்களே பெரும்பாலும் காரணம்.

எல்லா ஏற்பாடுகளும் செம்மையாக இருந்தும், உயிர் காக்கும் செய்தியை மின்னஞ்சல் ஒன்றையே நம்பி விடுவது தகாது. ஒரே அறிக்கை குறுஞ்செய்தி, பேக்ஸ், தொலைபேசி, இணையதளம் எனப் பல வழிகளிலும் செல்லுமாறு ஐதராபாத் மையம் ஏற்பாடு செய்திருப்பது இது கருதியே. கரையோர மாவட்டங்களின் கட்டுப்பாட்டு அறைகளில் பணியிலிருப்போர், தம் அஞ்சற் கணக்கின் ஸ்பேம் பகுதியையும் ஒவ்வொரு பணி மாற்றத்தின்போதும் ஒருமுறை பார்த்துவிடுவதை வழக்கமாகக் கொண்டால், கருவிகளும் கணிப்பொறிகளும் தேடித் தந்த நிமிடங்கள் கரையில் வாழும் மக்களுக்கு முழுமையாகப் பயன்படும்.